பாலத்தைத் தாண்டியது யார்?

மாடி அறையில், கட்டிலோரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சித்ரலேகாவைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவள் அங்கேதான் இருக்கிறாள். உடம்பில் வேறு சேலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாள் நெருங்கிய வேளையில் அவளுடைய ஆண்பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு மகாராஜநகர் வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள்தான் அழுதார்கள். அவர்களுக்குக் காப்பி போடட்டுமா என்று கேட்டாள். கணவன் நடராஜ் அவளைத் தொட்டுப் பேசப் பயந்து, கதவருகிலேயே நின்று பேசப் பழகிவிட்டான்.

இந்த வீட்டில் இரண்டு தொட்டில் ஆடும் என்று நினைத்திருந்தார்கள். நடராஜின் தங்கை ப்ரியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். ஒன்பதாம் மாதம். இன்று அவளுக்கு வளைகாப்பு. களக்காட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் வேன் பிடித்து வந்துகொண்டிருக்கிறார்கள்.

சித்ரலேகாவின் கையில் ஒரு சின்ன விளையாட்டுக் கருவி. கல்லூரியில் அவளோடு வேலை பார்க்கும் கெசியா கொண்டுவந்து கொடுத்தது.

"புஸ்தகம் தந்தா வாசிக்க மாட்டே. பாட்டு கேளுன்னா கேக்க மாட்டே. இதையாவது அமுக்கிக்கிட்டு இரு," என்று மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

விளையாட்டு பழையது. கெசியாவின் கணவன் பள்ளிக்கூட நாட்களில் ஆடியதாம். இப்போது அதையே கைக்கு அடக்கமான கருவிக்குள் போட்டுத் தருகிறார்கள். மந்திரமும் வாளும் உள்ள ஒரு ராஜ்ஜியம். வடக்கே கோட்டையில் ஓர் இருள் அரசன். அவனை அழிக்கப் புறப்படும் நான்கு பேர். வாள்காரன், வில்காரி, தாடி வைத்த மந்திரவாதி, காயங்களை ஆற்றும் வெள்ளை அங்கிக்காரி. தொடங்கும்போது நால்வருக்கும் பெயர் வைக்கச் சொன்னது. பெயர் என்ற சொல்லைப் பார்த்ததும் சித்ரலேகாவின் விரல் நின்றுவிட்டது. பிறகு ஏ, பி, சி, டி என்று அமுக்கினாள்.

ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி. அங்கே பச்சை நிறக் கூழ் உருண்டைகள் துள்ளிக்கொண்டு வரும். அடித்தால் சாகும். காயம் பட்டால் சத்திரத்துக்குப் போய்ப் படுக்கலாம். தூங்கி எழுந்தால் நால்வருக்கும் உயிர் நிரம்பிவிடும். மறுபடி புல்வெளி, மறுபடி கூழ் உருண்டை. புல்வெளி முடிகிற இடத்தில் ஓர் ஆறு. ஆற்றின் மேல் மரப்பாலம். பாலத்தைத் தாண்டினால்தான் கதை ஆரம்பிக்கும்.

சித்ரலேகா தாண்டவில்லை. அவளுடைய ஆட்கள் நால்வரும் மலையைப் புரட்டும் பலம் பெற்றுவிட்டார்கள். கையில் இன்னும் முதல் நாள் கிடைத்த மரக்கட்டைதான். கூழ் உருண்டைகள் அவர்களைக் கண்டாலே ஓடின. துரத்திப் போய் அடித்தாள். அதில் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. துக்கமும் இல்லை. கட்டைவிரல்கள் வேலை செய்தன. பொழுது போயிற்று.

நேற்று டாக்டரிடம் போய்வந்த அலுப்பில் கருவியைத் தொடவில்லை. இன்று காலை குளித்துவிட்டு வந்து திறந்தாள்.

புல்வெளியைக் காணவில்லை.

திரை முழுக்க ஊதா நிறச் சேறு. பட்டுப்போன மரங்கள். ஏ, பி, சி மூவரும் முகம் கறுத்து வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை அங்கிக்காரி இல்லை. அவள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சவப்பெட்டி.

சித்ரலேகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்துப்போன காலில் யாரோ ஊசியால் லேசாகக் குத்தியது போல, நெஞ்சுக்குள் எங்கோ ஏதோ ஒன்று சுருக்கென்றது. யாரோ தன் ஆட்களைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போயிருக்கிறார்கள். போய், டியைக் கொன்று, அதை அப்படியே சேமித்தும் வைத்திருக்கிறார்கள்.

நடராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கதவருகில் வந்தான்.

"இத நீங்க எடுத்தீங்களா?"

அவள் தானாக ஒரு கேள்வி கேட்டதே அவனுக்குத் திகைப்பாக இருந்தது. "இல்லையே. ஏன், ரிப்பேர் ஆயிட்டா?"

"இல்ல."

"கெசியாட்ட கேக்கவா?"

"வேண்டாம்."

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று சற்று நேரம் நின்றான். கீழே பந்தல்காரன் கூப்பிட்டான். இறங்கிப் போய்விட்டான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் மாமியார் அன்னத்தாய் மாடியேறி வந்தாள். கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி, பட்டுச் சேலை, முகத்தில் அதற்குள் வேர்வை. கையில் தட்டு நிறைய இட்லி. தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

"சாப்பிடு சித்ரா."

"சரித்தை."

"களக்காட்டுக்காரங்க வாராங்க. பத்துப் பேரு பத்து விதமாப் பேசுவாங்க. நீ கீழ வந்து அங்கன நின்னு... ஒனக்குத்தான் சங்கடம். மேலேயே இருந்துக்கிடேன். என்ன?"

"சரித்தை."

"நான் தப்பா ஒண்ணும் சொல்லல."

"இல்லத்தை."

மருமகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் அன்னத்தாய்க்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்தச் 'சரித்தை'களை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தலாமா திறந்து வைக்கலாமா என்று தடுமாறி, பாதி சாத்திவிட்டுப் போனாள்.

கீழே வேன் வந்து நின்றது. வாங்க வாங்க என்ற சத்தம். பித்தளைப் பாத்திரம் உருளும் சத்தம். சந்தன வாசனையும் புளியோதரை வாசனையும் மாடிப்படி ஏறி வந்தன. இதே கூடத்தில், இதே நாற்காலியில் உட்காரவைத்துத்தான் சித்ரலேகாவுக்கும் வளையல் போட்டார்கள். அந்த நினைவு வந்தது. வந்து, முன்பின் தெரியாத விருந்தாளி போல ஓரமாக நின்றுவிட்டுப் போய்விட்டது.

திரையில் மூவரையும் ஓர் அடி நகர்த்திப் பார்த்தாள். பொட்டென்று ஒரு சத்தம். மூவருக்கும் உயிர் கொஞ்சம் குறைந்தது. இன்னோர் அடி, மறுபடி பொட்டு. சேற்றின் விஷம் ஏறியிருக்கிறது. எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் உயிர் இறங்கும். நகராமல் நின்றால் ஒன்றும் ஆகாது.

நிற்கவிட்டாள்.

கீழே பெண்கள் பாடத் தொடங்கினார்கள். வளையல்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்டது. சித்ரலேகா கருவியை மடியில் வைத்துக்கொண்டு, நகராத மூவரையும் பார்த்தபடி இருந்தாள்.

பாட்டு நின்று பந்தி தொடங்கியிருக்க வேண்டும். மாடிப்படியில் வளையல் சத்தம் தனியாக ஏறி வந்தது. பாதி சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு ப்ரியா நின்றாள். முழங்கைவரை கண்ணாடி வளையல்கள், இரண்டு கன்னத்திலும் சந்தனம், தலை நிறைய பிச்சிப்பூ. மூச்சு வாங்கியது.

"மதினி, இங்கன கொஞ்சம் உக்காந்துக்கிடவா?"

சித்ரலேகா நகர்ந்து இடம் கொடுத்தாள். இந்த இரண்டு மாதத்தில், சித்ரலேகா இருக்கும்போது ப்ரியா இந்த அறைக்குள் வந்ததில்லை. தன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மதினி எதிரில் நிற்கக் கூச்சப்பட்டு, மாடிப்படியின் கீழ்ப்படியிலிருந்தே நலம் விசாரித்துவிட்டுப் போவாள்.

கட்டிலில் உட்கார்ந்ததும் ப்ரியாவின் கண் திரைக்குப் போனது. சவப்பெட்டியைப் பார்த்தாள். முகம் கோணியது.

"நாந்தான் மதினி."

"என்ன நீதான்?"

"நேத்து மத்தியானம் நீங்க அண்ணன்கூட டாக்டர்ட்ட போயிருந்தீங்கள்லா? சும்மா எடுத்துப் பாத்தேன். புல்லுலயே சுத்திக்கிட்டு இருந்தாங்க. பாலம் தெரிஞ்சுது. அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு போனேன். சேறு. போகப் போக எல்லாரும் கறுத்துப் போறாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. திடீர்னு அந்த வெள்ளச் சட்டைக்காரி விழுந்துட்டா."

"அப்புறம் ஏன் சேவ் பண்ணுன?"

"சேவ் பண்ணுனா பொழச்சிருவான்னு நெனச்சேன் மதினி. சேவ்னா காப்பாத்துறதுதான?"

சித்ரலேகாவின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"பரவால்ல. கோயிலுக்குக் கொண்டு போனா எழுப்பிருவாங்க."

"செத்தவங்களயா?"

"இதுல எழுப்பலாம்."

ப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். வளையல் கைகள் இரண்டையும் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள். ஒரு பக்கம் அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். இன்னொரு பக்கம் அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். சித்ரலேகா அந்தக் கைகளைப் பார்த்தாள். அவை என்ன தேடுகின்றன என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கைகளும் ஒரு நாள் முழுக்க அப்படித் தேடியிருக்கின்றன.

"ப்ரியா. எப்பலேருந்து?"

ப்ரியா நிமிரவில்லை. "நேத்து சாயங்காலம் நல்லா ஒதச்சுது மதினி. காலைலேருந்து ஒண்ணும் இல்ல. கூட்டத்துல எனக்குத்தான் தெரியலையோன்னு நெனச்சேன். பாயாசம் குடிச்சேன். ஐஸ் தண்ணி குடிச்சேன். இடதுபக்கமா சாஞ்சு உக்காந்து பாத்தேன். அசையவே மாட்டேங்கு."

"அத்தைட்ட சொன்னியா?"

"எப்பிடிச் சொல்ல? எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. நான் பயந்தாங்கொள்ளி, ஒங்களுக்கு நடந்தத நெனச்சு பயப்படுதேன்னு சொல்லுவாங்க. ஒங்களுக்குத்தான் தெரியும்னு வந்தேன். ஒங்கள்ட்ட வந்து இதக் கேக்கமேன்னு..."

சித்ரலேகா எழுந்தாள். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பதற்றமும் வரவில்லை. உள்ளே எல்லாம் அணைந்து கிடந்தது. அந்த இருட்டில் ஒரே ஒரு காரியம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"எந்திரி. போவோம்."

"வளையல் இன்னும் முடியல மதினி. மாமியாரு போடணும்."

"எந்திரி ப்ரியா."

கூடத்தில் இலைகள் போட்டிருந்தார்கள். நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு சித்ரலேகா மாடியிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்ததும் பேச்சு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. களக்காட்டுச் சம்பந்தியம்மாள் கையிலிருந்த வளையல் அடுக்கை மடியில் வைத்தாள். அன்னத்தாய் பரிமாறிய கரண்டியோடு விரைந்து வந்தாள்.

"எங்கட்டி போறீங்க ரெண்டு பேரும்?"

"ஆஸ்பத்திரிக்கு. அவுகள வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

"என்னத்துக்கு? இன்னும் ஆலத்தி எடுக்கல. வளையலு போட்டு முடியல. பாதியில வாசப்படி தாண்டக் கூடாது சித்ரா. நான் ஒன்ன மேல இருன்னுதான சொன்னேன்!"

"அத்தை, பிள்ள அசையல."

"சும்மாரு. காலைலேருந்து ஒரே எடத்துல உக்காந்திருக்கா. பிள்ள தூங்கு..."

அன்னத்தாயின் வாய் அந்தச் சொல்லில் அப்படியே நின்றது. கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே கூடத்தில், இதே சொல்லை, எத்தனை பேர் எத்தனை முறை சொன்னார்கள் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சம்பந்தியம்மாள்தான் கேட்டாள். "அசையலன்னு யாரு சொன்னா? இவளா?"

"நாந்தான் அத்தை சொன்னேன்," என்றாள் ப்ரியா.

அன்னத்தாய் கரண்டியைக் கீழே போட்டாள். "ஏல நடராஜ்! வெரசா வண்டிய எடு! சாவி எங்கன? ஏல, சாவி எங்கன கெடக்கு!"

நடராஜ் காரை ஓட்டினான். பின் இருக்கையில் ப்ரியாவுக்கு ஒரு பக்கம் தாய், இன்னொரு பக்கம் மதினி. முருகன்குறிச்சி சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு பேருந்து, பக்கத்தில் லோடு ஆட்டோ. நடராஜ் ஒலிப்பானை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைச் சித்ரலேகா பின்னாலிருந்து பார்த்தாள். தன் பிள்ளை அசையாமல் போன அந்த நாள் மழை பெய்தது. நாளைக்குப் போவோமே, ரோடெல்லாம் தண்ணி நிக்கு என்று அவன்தான் சொன்னான். அவளும் சரி என்றுதான் சொன்னாள்.

வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில் ப்ரியாவைப் படுக்கவைத்து வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டினார்கள். வளையல்களைக் கழற்ற நேரமில்லை. நர்ஸ் ஒரு கருவியை வயிற்றின் மேல் வைத்து நகர்த்தினாள். இரைச்சல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். இரைச்சல்தான். ப்ரியா சித்ரலேகாவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் ஒரு வளையல் உடைந்தது.

பிறகு அது கேட்டது. தொலைவில் குதிரை ஓடுவது போல.

அன்னத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு "நெல்லையப்பா" என்றாள். ப்ரியா ஓவென்று அழுதாள். சித்ரலேகா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நல்ல சத்தம் என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டரம்மா வந்து ஸ்கேன் பார்த்தார். குதிரை ஓட்டம் இடையிடையே தளர்ந்து, மறுபடி எழுந்தது. அவர் முகம் மாறவில்லை, ஆனால் பேச்சு வேகமாயிற்று.

"துடிப்பு அப்பப்ப இறங்குது. தண்ணியும் கொறஞ்சு போச்சு. இனிமே காத்திருக்கக் கூடாது, எடுத்துருவோம். ஆபரேஷனுக்கு யார் கையெழுத்துப் போடுதீங்க? நல்ல வேளைக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

எல்லாரும் சித்ரலேகாவைப் பார்த்தார்கள். அந்தப் பாராட்டு அவள் மேல் விழுந்து, எண்ணெய் தடவிய தோலில் தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு போயிற்று.

ப்ரியாவின் கணவன் சிவகணேஷ் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போனில் சொன்னான். ஆபரேஷன் அறைக் கதவு மூடிக்கொண்டது. வெளியே நீல நிற நாற்காலிகள். அன்னத்தாய் கடைசி நாற்காலியில் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சித்ரலேகாவுக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டைவிரல்கள் தாமாகவே அசைந்தன.

நடராஜ் பேன்ட் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். அந்தக் கருவி.

"வண்டிச் சாவி எடுக்க மாடிக்குப் போனேன். கட்டில்ல கெடந்துது. நீ தேடுவேன்னு எடுத்துட்டு வந்தேன்."

அவள் வாங்கித் திறந்தாள். மூவரும் சேற்றில் அதே இடத்தில் நின்றார்கள். நடராஜ் ஒரு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். திரை தெரியவில்லை போலும். பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தான்.

"இது என்ன பெட்டி?"

"அவ செத்துட்டா. பாலத்தத் தாண்டி ஊருக்குள்ள கோயில் இருக்கு. அங்க கொண்டு போகணும்."

"போயேன்."

"விஷம் ஏறியிருக்கு. ஒவ்வொரு அடிக்கும் உயிர் கொறையும்."

"அப்ப ஓடு."

"ஓடுனாலும் அடி அடிதான்."

அவள் நகர்த்தினாள். பொட்டு. பொட்டு. பொட்டு. மூவரின் உயிரும் இறங்கிக்கொண்டே வந்தது. சேற்றிலிருந்து எலும்புக்கூடு ஒன்று எழுந்து வழிமறித்தது. ஏ மரக்கட்டையால் அடித்தான். எலும்புக்கூடு நொறுங்கியது. நடராஜ் தன்னையறியாமல் "ஆங்!" என்றான். பட்டுப்போன மரங்களுக்கு நடுவே வழி பிரிந்தது.

"வலதுபக்கம் போ சித்ரா. அங்கன தண்ணி மாரி தெரியுது பாரு. ஆறு அதுதான்."

ஆறுதான். தூரத்தில் மரப்பாலத்தின் நுனி தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தோள் அவள் தோளில் பட்டது. இரண்டு மாதத்தில் முதல் முறையாக. அவன் விலக்கிக்கொள்ளவில்லை.

"சித்ரா," என்றான், திரையைப் பார்த்தபடியே. "அன்னைக்கு நான்..."

"இப்ப வேண்டாம்."

"இல்ல, நான் என்ன சொல்லுதேன்னா..."

"சொல்லணும். நானும் சொல்லணும். இப்ப வேண்டாம். கதவு தெறக்கட்டும்."

அவன் தலையாட்டினான். மூக்கை உறிஞ்சினான். அவள் மூவரையும் பாலத்தில் ஏற்றினாள். பொட்டு. பொட்டு. மந்திரவாதியின் உயிர் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. சித்ரலேகா விரலை எடுத்தாள். பாலத்தின் நடுவில் மூவரும் நின்றார்கள்.

அப்போதுதான் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் அழுகை கேட்டது.

மெல்லிய, கோபமான, பூனைக்குட்டி போன்ற அழுகை. நின்றது. மறுபடி, இன்னும் பலமாக எழுந்தது. அன்னத்தாய் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. சித்ரலேகா கருவியை நடராஜ் கையில் திணித்தாள். அவன் எந்தப் பொத்தானையோ அமுக்கிவிட்டான். பொட்டென்று சத்தம் வந்தது. இரண்டு பேருமே திரையைப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். வெள்ளைத் துணிக்குள் சிவந்த சின்ன முகம்.

"பொம்பளப் பிள்ள. எடை கொஞ்சம் கம்மி, மத்தபடி நல்லாருக்கு. தாயும் நல்லாருக்காங்க, முழு மயக்கம் குடுத்திருக்கோம், தெளிய நேரமாகும். பிள்ளைய யாரு வாங்குதீங்க?"

அன்னத்தாய் இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய கைகள் பாதியில் நின்றன. திரும்பி மருமகளைப் பார்த்தாள். காலையில் மாடி அறையில் கதவைச் சாத்தத் தடுமாறியவளின் முகம் இப்போது வேறு மாதிரி இருந்தது. கைகளை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"நீ வாங்கு சித்ரா."

சித்ரலேகா கையைத் தூக்க நினைத்தாள். கைகள் எழவில்லை. யாரோ வேறொருத்தியின் கைகள் போலப் பக்கவாட்டில் தொங்கின. குழந்தை வாயைத் திறந்து வீறிட்டது. அந்தச் சத்தம் அவள் காதுக்குள் போகவில்லை. நேராக நெஞ்சுக்குப் போயிற்று. அங்கே ஏதோ இறுகியது. இறுகி, சூடாக, ஊசி ஊசியாகக் குத்தியது.

"நீங்க வாங்குங்கத்தை," என்றாள். "நான் கையக் கழுவிட்டு வாரேன்."

வராந்தாக் கோடியில் இருந்த கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். குழாயைத் திறந்தாள். கையை நீட்டவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். பிறகு மாராப்பை விலக்கிக் குனிந்து பார்த்தாள்.

ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

பால் வற்றிப்போக மாத்திரை தந்திருந்தார்கள். அப்போது துணியால் இறுகக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். வலித்தது, நின்றது. எல்லாம் நின்றுபோயிற்று என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். விரலால் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை. ஆனால் இந்த உடம்பு அவளைக் கேட்காமலே ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டிருக்கிறது.

கதவுக்கு வெளியே பேச்சுக் குரல்கள்.

"தாய்க்கு இப்பப் பால் குடுக்க முடியாதும்மா. எடை கொறஞ்ச பிள்ள, பசியில விடக் கூடாது. டாக்டர் சொல்லிட்டாங்க. பவுடர் பாலு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. கீழ மெடிக்கல்ல இருக்கு."

"ஏல நடராஜ், ஓடு! நல்லதாப் பாத்து வாங்கு!"

செருப்புச் சத்தம் படியை நோக்கி ஓடியது. குழந்தையின் அழுகை கதவுக்கு நெருக்கமாக வந்தது. அன்னத்தாய் அதை ஏந்திக்கொண்டு வராந்தாவில் நடக்கிறாள் போலும்.

"அழாதட்டி, அழாத. இப்ப வந்துரும்." பிறகு கதவை இரண்டு விரலால் தட்டினாள். "சித்ரா? உள்ள என்ன செய்யுத? ஒண்ணும் இல்லைல்லா? ஏட்டி, எதாவது சொல்லு!"

சித்ரலேகா குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அழுகை இன்னும் தெளிவாகக் கேட்டது. அவள் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. இரண்டு மாதமாக யாரும் கேட்காத குரலில், கதவோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"அத்தை, பவுடர் பாலு வாங்கப் போனவுகள நிக்கச் சொல்லுங்க."